தனக்குத் தானே ஊசி: ஒரு பயத்தின் நூறு வருடக் கதை

1/
போன மாதம் ஒரு அக்கா கிளினிக்குக்கு வந்திருந்தாங்க. இட்லிக் கடை நடத்துறவங்க. வயது ஐம்பதைத் தாண்டியாச்சு. மூன்று மாத சராசரி சர்க்கரை 11.4. மாத்திரைகளைக் கொடுக்க முடிந்த அளவு கொடுத்தும் கட்டுக்குள் வராததால் இன்சுலின் எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"எப்படிக்கா போகுது? ஊசி பழகிடுச்சா?"

அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. பையிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்து மேசை மேல வச்சாங்க. உள்ளே மருந்து ஒரு யூனிட்கூட குறையல.

"தினமும் எடுப்பேன் சார். மூடியைக் கழட்டுவேன். வயித்துகிட்ட கொண்டு போவேன். கை நடுங்கும், கண்ணு இருட்டும். திரும்ப ஃப்ரிட்ஜுல வச்சிடுவேன். தினம் அடுப்புல நிக்கிறவ நான். சுடுதண்ணி, ஆவி எல்லாம் கையில பட்டிருக்கு. அதுக்கெல்லாம் அசந்ததில்ல. இது மட்டும் முடியல."

2/
பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த நானாக இருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பேன். உண்மையாகவே அப்படி ஒருமுறை சிரித்தும் இருக்கிறேன்.

அப்போது ஒரு லாரி ஓட்டுநர் அண்ணன். ஆறடி ஆள். "இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு கொசுக்கடி மாதிரி இருக்குற ஊசிக்குப் பயப்படறீங்களே அண்ணே"ன்னு நாலு பேர் முன்னாடி கேலியாகச் சொன்னேன். அவரும் சேர்ந்து சிரித்தார். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை.

ஒன்றரை வருடம் கழித்து வேறொரு மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். "ஊசி போடவே இல்ல சார். உங்ககிட்ட வந்து அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு"ன்னார்.

அந்த வார்த்தை இன்னும் என்னோடு இருக்கிறது. அவரைத் திரும்ப வரவிடாமல் செய்தது ஊசி இல்லை. என் சிரிப்பு.

3/
அதனால் இன்றைய பதிவு ஊசி பயத்தைப் பற்றி. குறிப்பாகத் தன் கையால் தனக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்களின் பயம் பற்றி.

இதை வெறும் அறிவுரையாகச் சொல்லப் போவதில்லை. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால், பயம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை என்பது புரியும். பயத்தை மனிதர்கள் எப்படிக் கடந்து வந்தார்கள் என்பதும் புரியும்.

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. சர்க்கரை கம்மியா 🙂

4/
முதலில் ஊசி எப்போது வந்தது?

1844ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஃபிரான்சிஸ் ரிண்ட் என்ற மருத்துவர், முகத்தில் கடுமையான நரம்பு வலியால் துடித்த ஒரு பெண்மணிக்குத் தோலைத் துளைத்து உள்ளே மருந்தை இறக்கினார். 1853ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் அலெக்சாண்டர் உட், பிரான்சின் லியோன் நகரில் சார்ல் பிரவாஸ் என இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமலே, துளையுள்ள ஊசியையும் சிரிஞ்சையும் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் சிரிஞ்சுக்குள் போன முக்கியமான மருந்து மார்ஃபின். வலி உடனே குறையும். ஆகவே சில மருத்துவர்கள் சிரிஞ்சை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். விளைவு என்ன? பலர் மார்ஃபினுக்கு அடிமையானார்கள். 1870களிலேயே மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆக, நோயாளியின் கையில் சிரிஞ்சைக் கொடுப்பது என்றாலே ஒரு தயக்கம். ஊசி என்பது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய பொருள். உலகம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

5/
அதை மாற்றியது ஒரே ஒரு மருந்து. இன்சுலின்.

1922க்கு முன்னால் டைப் 1 நீரிழிவு ஒரு குழந்தைக்கு வந்தால், அது மரண ஓலை. கணையம் இன்சுலினைச் சுரப்பதில்லை. இன்சுலின் இல்லாமல் சாப்பாட்டில் இருக்கும் சர்க்கரை செல்களுக்குள் நுழைய முடியாது. குழந்தை சாப்பிடும், சாப்பிட்டும் உருகிப் போகும்.

அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் கண்டுபிடித்த ஒரே வழி பட்டினி. ஒரு நாளைக்குச் சில நூறு கலோரி மட்டும் கொடுத்து நாட்களை நீட்டிப்பது. நோயால் சாவதைத் தள்ளிப்போட, பசியோடு வாழவைத்தார்கள். அதைத்தவிர அன்றைக்கு வேறு எதுவும் கையில் இல்லை.

6/
கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பேன்டிங், பெஸ்ட் என்ற இருவரும் 1921ல் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தார்கள். பேராசிரியர் மெக்லியோடின் ஆய்வகம் அது. பின்னர் கொலிப் என்ற உயிர்வேதியியலாளரும் சேர்ந்துகொண்டார்.

1922 ஜனவரி 11. டொரன்டோ பொது மருத்துவமனை. லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன். எடை 30 கிலோகூட இல்லை.

அவனுக்குப் போட்ட முதல் ஊசி எவ்வளவு தெரியுமா? 15 மில்லி. ஒவ்வொரு புட்டத்திலும் ஏழரை மில்லி. மருந்து என்றால் தெளிந்த நீர் மாதிரி இல்லை. பழுப்பு நிறத்தில் கலங்கிய சாறு.

இன்றைக்கு நாம் 20 யூனிட் இன்சுலின் போடுகிறோம் என்றால், 100 யூனிட் செறிவுள்ள பேனாவில் அது 0.2 மில்லி. அந்தப் பையனுக்கு ஏறியது அதைப்போல் 75 மடங்கு!

7/
அந்த முதல் ஊசியில் பெரிய பலன் கிடைக்கவில்லை. சர்க்கரை 440லிருந்து 320க்கு இறங்கியது, அவ்வளவுதான். ஊசி போட்ட ஓரிடத்தில் கட்டி வந்துவிட்டது. ஊசியை நிறுத்தினார்கள்.

அடுத்த 12 நாட்கள் கொலிப் இரவு பகலாக மருந்தைச் சுத்திகரித்தார். ஜனவரி 23 அன்று லெனார்டுக்கு மறுபடி ஊசி. இந்த முறை ஒரே நாளில் சர்க்கரை 520லிருந்து 120க்கு வந்தது. துவண்டு கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான்.

கொஞ்சம் அந்தப் பையன் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். முதல் ஊசி வலித்தது, கட்டி வந்தது, பலனும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் அதே ஆட்கள் அதே ஊசியோடு திரும்ப வருகிறார்கள். அவன் உடம்பைக் கொடுத்தான். அதன்பின் 13 வருடம் வாழ்ந்தான். 1935ல் நிமோனியாவால் இறந்தான்.

8/
மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு புதுப் பிரச்சனை.

இன்சுலினை மாத்திரையாகக் கொடுக்க முடியாது. அது ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் நாம் சாப்பிடும் பருப்பு, முட்டை மாதிரி செரித்துவிடும். ஊசி ஒன்றே வழி. அதுவும் ஒரு தடவை இல்லை. தினமும். வாழ்நாள் முழுக்க.

மருத்துவமனையில் இருக்கும்வரை நர்ஸ் போடுவார். வீட்டுக்குப் போனால்?

சாதாரண ஜனங்கள், அதிலும் குழந்தைகள், தன் உடம்பில் தானே ஊசி குத்திக்கொண்டு வாழ வேண்டும் என்ற நிலை உலகத்தில் பெரிய அளவில் வந்தது இந்த இடத்தில்தான்.

9/
இங்கேதான் எலிசபெத் வருகிறாள்.

எலிசபெத் ஹியூஸ். 1907ல் பிறந்தவள். அப்பா சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ் அன்றைக்கு அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவே இல்லாத வீடு. 1919ல் அவளுக்கு நீரிழிவு என்று தெரிந்தபோது, அந்தச் செல்வாக்கால் வாங்க முடிந்தது டாக்டர் ஆலனின் பட்டினி வைத்தியத்தை மட்டும்தான்.

மூன்று வருடம் அந்தப் பெண் தாக்குப் பிடித்தாள். 1922 ஆகஸ்ட் 16 அன்று டொரன்டோவில் பேன்டிங் முன்னால் வந்து நின்றபோது அவள் எடை சுமார் 20 கிலோ. மூன்று நாளில் 15 வயது பிறக்கப் போகிறது. நம்ம ஊரில் ஆறு வயதுக் குழந்தையின் எடை அது.

10/
இன்சுலின் ஏறியது. பேன்டிங் அவளைச் சாப்பிடச் சொன்னார். ரொட்டி, உருளைக்கிழங்கு என்று மூன்று வருடமாகப் பார்க்கவே தடை இருந்ததெல்லாம் தட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு அவள் எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அதில் பக்கம் பக்கமாகச் சாப்பாட்டுக் கதைதான்.

ஆனால் அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. அன்றைய இன்சுலின் செறிவு குறைந்தது. ஆகவே அதிக அளவு ஏற்ற வேண்டியிருந்தது. போட்ட இடம் வீங்கும், மரத்துப்போகும், வலிக்கும். ஒரு புட்டி மருந்து போலவே அடுத்த புட்டி இருக்காது. ஒன்று வீரியமாக இருக்கும், இன்னொன்று இருக்காது.

அந்த ஊசியைத் தானே போட்டுக்கொண்டு வாழ எலிசபெத் பழகினாள். வருடக் கடைசிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

11/
அதன்பின் என்ன ஆனது?

படித்தாள். கல்யாணம் செய்துகொண்டாள். மூன்று குழந்தைகளைப் பெற்றாள். 1981ல், 73 வயதில் காலமானார் அந்த அம்மா. 58 வருடத்தில் அவர் போட்டுக்கொண்ட ஊசிகள் சுமார் 42,000 இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. தனக்கு நீரிழிவு என்பதை அவர் வாழ்நாள் முழுக்க மறைத்தே வைத்திருந்தார். நெருங்கிய சிலருக்கு மட்டுமே தெரியும். 42,000 முறை ஊசியை ஜெயித்தவரால் ஊர் என்ன சொல்லுமோ என்பதை ஜெயிக்க முடியவில்லை.

கல்யாண வீட்டில் பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இன்சுலின் போடும் நம்ம ஊர் மனிதர்களை எனக்குத் தெரியும். அவங்களுக்கு எலிசபெத்தை நன்றாகவே புரியும்.

12/
பயந்தது நோயாளிகள் மட்டும்தானா?

இங்கிலாந்தில் ராபின் லாரன்ஸ் என்று ஒரு இளம் மருத்துவர். 1920ல் அவருக்கே நீரிழிவு வந்தது. சாவை வீட்டார் கண்முன் காட்டக்கூடாது என்று இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்துக்குப் போய் அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். 1923ல் இன்சுலின் வந்துவிட்டது, உடனே கிளம்பி வா என்று லண்டனிலிருந்து தகவல் வந்தது. நரம்புகள் பாதிக்கப்பட்டுக் கால்கள் ஒழுங்காக வேலை செய்யாத நிலையில், காரை ஓட்டிக்கொண்டு ஐரோப்பாவைக் கடந்து லண்டன் வந்து சேர்ந்தார். மே 31 அன்று முதல் ஊசி.

பின்னாளில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பெரிய நீரிழிவுப் பிரிவை நடத்தினார். தன்னிடம் சிகிச்சை பெற்ற எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸோடு சேர்ந்து 1934ல் நீரிழிவு உள்ளவர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1968 வரை வாழ்ந்தார்.

"எனக்கும் இதே ஊசிதான்" என்று சொல்லக்கூடிய மருத்துவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் நோயாளிக்கு எவ்வளவு தெம்பு! என்னிடம் அது இல்லை. அதற்கு ஈடாக நான் என்ன செய்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

13/
அமெரிக்காவின் பாஸ்டனில் எலியட் ஜோஸ்லின் வேறு ஒரு வழி பிடித்தார். நோயாளிக்கு மருந்து மட்டும் கொடுத்தால் போதாது, பாடம் நடத்த வேண்டும் என்றார். இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918ல், நோயாளிகளும் படிக்கும்படி நீரிழிவுக் கையேடு ஒன்றை எழுதியவர் அவர். இன்சுலின் வந்ததும், ஊசி போடுவது, சிறுநீரில் சர்க்கரை பார்ப்பது, உணவை அளப்பது எல்லாவற்றையும் நோயாளிக்கே கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுப்பதற்கென்றே நர்ஸ்களைத் தயார் செய்தார்.

இன்றைக்குப் பெரிய மருத்துவமனைகளில் "டயபடிஸ் எஜுகேட்டர்" என்று ஒருவர் இருக்கிறாரே, அவருடைய வேர் இங்கேதான்.

பயத்துக்கு முதல் மருந்து பழக்கிக்கொடுப்பது. இது நூறு வருடமாகத் தெரிந்த விஷயம். நம் ஓபி நெரிசலில் நாம் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

14/
சரி, அந்தக் கால ஊசி எப்படி இருந்தது?

கண்ணாடி சிரிஞ்ச். தடித்த எஃகு ஊசி. ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். தினமும் தண்ணீரில் கொதிக்க வைக்க வேண்டும். முனை மழுங்கினால் சாணைக் கல்லில் தீட்ட வேண்டும். துளை அடைத்துக்கொள்ளாமல் இருக்க உள்ளே மெல்லிய கம்பியை விட்டு வைக்க வேண்டும்.

அரிவாள்மனையைத் தீட்டுகிற மாதிரி ஊசியைத் தீட்டி, அதைத் தன் தொடையிலேயே குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் இருந்தார்கள்.

60 வயதைக் கடந்தவர்கள் இங்கே படித்துக்கொண்டிருந்தால், அந்த ஸ்டீல் டப்பாவும் கொதிக்கும் ஊசியும் ஞாபகம் வரும். நம்ம வீட்டுப் பெரியவங்களோட ஊசி பயம் சும்மா வந்ததில்லை.

15/
இந்தப் பயத்தைக் குறைக்க நூறு வருடமாக மனிதர்கள் உழைத்திருக்கிறார்கள். சுருக்கமாகப் பார்ப்போம்.

1924: இன்சுலினுக்கென்றே தனியாக அளவுகள் குறித்த சிரிஞ்ச் அமெரிக்காவில் வந்தது.

1936: டென்மார்க்கின் ஹேகடோர்ன், புரோட்டமின் என்ற பொருளைச் சேர்த்து இன்சுலினை மெதுவாக வேலை செய்ய வைத்தார். ஒரு நாளைக்குப் போடும் ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது.

1950கள்: ஊசி கண்ணில் படாமல், விசையை அழுத்தினால் தானாகக் குத்தும் கருவிகள் புழக்கத்தில் இருந்தன. அதில் ஒன்று பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். ஊசிக்குப் பயந்தவனிடம் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்!

1960கள்: ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் பரவியது. கொதிக்க வைப்பது, தீட்டுவது என்ற வேலைகள் ஒழிந்தன.

16/
அடுத்து வந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை.

1970களின் நடுப்பகுதி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஷீலா ரீத் என்ற பெண் மருத்துவர். நீரிழிவு மருத்துவம் பார்ப்பவர். அவருடைய சின்ன மகளுக்கே டைப் 1 நீரிழிவு. இருவரும் இரவு ரயிலில் லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கு வந்து இறங்குகிறார்கள். குழந்தைக்கு ஊசி போடும் நேரம். அழுக்கான பொதுக் கழிப்பறையில் சிரிஞ்சையும் மருந்துப் புட்டியையும் வைத்துக்கொண்டு அந்த அம்மா திண்டாடுகிறார்.

அங்கேதான் அவருக்குத் தோன்றுகிறது: இவ்வளவு சாமான் எதற்கு? மருந்தும் ஊசியும் சேர்ந்தே இருக்கும்படி, பையில் செருகிக்கொள்ளும் அளவுக்கு ஒன்று இருக்கக்கூடாதா?

கிளாஸ்கோவில் சக மருத்துவர்களோடு சேர்ந்து அதைச் செய்து 1981ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 1985ல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் நோவோபென்னைக் கொண்டு வந்தது.

இட்லிக்கடை அக்கா என் மேசை மேல் வைத்த பேனா இருக்கிறதே, அந்தப் பேனா யோசனையின் பின்னால் ஒரு ரயில் நிலையக் கழிப்பறையில் தவித்த ஒரு அம்மா இருக்கிறார்.

17/
இன்றைக்கு அந்தப் பேனாவில் மாட்டும் ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர். ஒரு உளுத்தம்பருப்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். தடிமன் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு.

நம் தோலின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். அதைத் தாண்டிக் கீழே உள்ள கொழுப்பில் மருந்து இறங்கினால் போதும். தசை வரை போக வேண்டியதில்லை. குண்டானவர், ஒல்லியானவர் என்ற வித்தியாசம் இல்லாமல் பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டரே போதும்.

"அப்படின்னா பயப்பட என்ன இருக்கு?"ன்னு கேட்கத் தோணுதா? நானும் அந்த லாரி அண்ணனிடம் இதைத்தான் கேட்டேன். தப்பு அங்கேதான்.

18/
ஏனென்றால் ஊசி பயம் என்பது வலியைக் கணக்குப் போட்டு வருகிற பயம் இல்லை.

பாம்பைப் பார்த்துப் பயந்தால் இதயத்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும். ஓடத் தயாராவோம். ஆனால் ஊசி, ரத்தம், காயம் ஆகியவற்றைப் பார்த்துப் பயப்படுகிற பலருக்கு நடப்பது வேறு. முதலில் துடிப்பும் அழுத்தமும் ஏறும். அடுத்த கணம் இரண்டும் சடாரென்று விழும். கண் இருட்டும், வியர்க்கும், மயக்கம் வரும்.

இது கோழைத்தனம் இல்லை. நரம்பு மண்டலத்தின் வேலை. மனம் "போடலாம்" என்று சொன்னாலும் உடம்பு கேட்காது. இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. "எங்க அப்பாவும் இப்படித்தான் சார்"னு நிறைய பேர் சொல்லுவாங்க. சரியாகத்தான் சொல்றாங்க.

19/
மருத்துவ உலகம் இதை ஒழுங்காக ஒப்புக்கொண்டதே சமீபத்தில்தான்.

1994ல் அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் தன் நோய்ப் பட்டியலில் ரத்தம், ஊசி, காயம் சார்ந்த அச்சத்தைத் தனி வகையாகக் குறித்தது. 1995ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, ஊசி அச்சம் என்பது மருத்துவர்கள் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு பிரச்சனை என்று சொல்லியிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். ஊசி வந்தது 1853ல். ஊசிக்குப் பயப்படுவது கேலிக்குரிய விஷயம் இல்லை என்று எழுதி வைக்க எங்களுக்கு 140 வருடம் ஆகியிருக்கிறது.

20/
நம்ம ஊரில் இன்னொரு சங்கதி.

காய்ச்சல் என்று வந்தால் "சார், ஒரு ஊசி போட்டு விடுங்க, அப்பதான் கேக்கும்" என்பார்கள். அதே ஆளிடம் இன்சுலின் என்றால் முகம் மாறிவிடும்.

ஏன்? காரணங்கள் இரண்டு.

ஒன்று, அடுத்தவர் போடுவது வேறு, தானே போட்டுக்கொள்வது வேறு. அடுத்தவர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். தானே போடும்போது குத்துகிற கையும் குத்துப்படுகிற உடம்பும் ஒன்றே.

இரண்டு, நாம் சின்ன வயதிலேயே இந்தப் பயத்தை ஊட்டிவிடுகிறோம். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." பூச்சாண்டிக்கு அடுத்த இடம் நமக்குத்தான். அந்தக் குழந்தை ஐம்பது வயதில் இன்சுலின் பேனாவைப் பிடிக்கும்போது அந்தப் பூச்சாண்டியும் கூடவே வருகிறான்.

தயவுசெய்து குழந்தைகளை ஊசியைக் காட்டி மிரட்டாதீங்க.

21/
இதற்குத் தீர்வு இருக்கிறதா? இருக்கிறது. அதற்கும் வரலாறு இருக்கிறது.

ஸ்வீடனின் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், 1987ல் தன் சகாவோடு சேர்ந்து ஒரு எளிய முறையை வெளியிட்டார். அவருடைய யோசனை இதுதான்: மயக்கம் வரக் காரணம் ரத்த அழுத்தம் விழுவது. அப்படியானால் பயப்படுபவரிடம் "ரிலாக்ஸ் பண்ணு" என்று சொல்லி என்ன பயன்? அழுத்தம் இன்னும்தானே இறங்கும்? உடம்பை இறுக்கச் சொல்லுவோம்.

செய்முறை:
• நாற்காலியில் உட்காருங்கள்.
• கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரிய வேண்டும்.
• விட்டுவிட்டு 20 முதல் 30 நொடி இயல்பாக இருங்கள்.
• இதுபோல் ஐந்து முறை.

சில நாள் ஊசி இல்லாமலே பழகுங்கள். அப்புறம் ஊசிக்கு முன்னால் செய்யுங்கள். குத்தும் இடத்தை மட்டும் தளர்வாக விடுங்கள். கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

மயக்கம் வராமல் வெறும் படபடப்பு மட்டும் வருபவர்களுக்கு இறுக்குவது தேவையில்லை. நிதானமாக மூச்சை இழுத்து விடுவது போதும்.

22/
அடுத்தது, படிப்படியாகப் பழகுவது. நீச்சல் பழகுகிறவரை முதல் நாளே கிணற்றில் தள்ளிவிடக் கூடாது இல்லையா?

முதல் நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு டிவி பாருங்கள். அடுத்து மூடி போட்ட பேனாவை வயிற்றில் வைத்துப் பாருங்கள். அடுத்து ஒரு ஆரஞ்சுப் பழத்திலோ ஸ்பாஞ்சிலோ குத்திப் பாருங்கள். (அந்த ஊசியை அப்படியே உடம்பில் போட்டுவிடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.) அதற்கடுத்து நர்ஸ் அல்லது மருத்துவர் பக்கத்தில் இருக்க முதல் ஊசி.

ஒரு படியில் பயம் தணிந்த பிறகே அடுத்த படி. இரண்டு நாள் கூடுதலாக ஆனால் ஆகட்டும். ஆனால் இந்தப் பழகும் காலத்திலும் இன்சுலின் உடம்புக்குள் போயாக வேண்டும். வீட்டில் ஒருவரோ பக்கத்து கிளினிக் நர்ஸோ அதுவரை போட்டுவிடட்டும். டைப் 1 உள்ளவர்கள் ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது.

23/
வலியைக் குறைக்கச் சில விஷயங்கள்:

• ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே போடாதீங்க. ஜில்லென்ற மருந்து எரியும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை நம்ம ஊர் கடும் வெயில் படாத இடத்தில் வெளியே வைக்கலாம். எத்தனை நாள் என்பதை மருந்து அட்டையில் பாருங்கள்.
• ஸ்பிரிட் தடவினால் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரமாக இருந்தால் எரியும்.
• ஒவ்வொரு முறையும் புது ஊசி. பழைய ஊசியின் முனை மழுங்கியிருக்கும். சாணைக் கல் காலம் முடிந்துவிட்டது!
• தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தினம் இடம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் போட்டால் வலி குறைவாகத் தெரியும். ஆனால் அங்கே கொழுப்புக் கட்டி வளரும், மருந்து சரியாக ஏறாது.
• மெதுவாகத் தயங்கித் தயங்கிக் குத்தாதீங்க. ஒரே சீராக, நேராக. பத்து வரை எண்ணிய பிறகு வெளியே எடுங்கள்.
• புட்டியிலிருந்து சிரிஞ்சில் எடுப்பவர்கள் கவனிக்க: 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாற்றி எடுத்தால் அளவு தப்பும், ஆபத்து.
• பயன்படுத்திய ஊசியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேருங்கள். குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் அது குத்தக்கூடாது.

24/
இன்னொரு பயத்தையும் பேசிவிட வேண்டும். "இன்சுலின் வந்தாச்சுன்னா கடைசிக் கட்டம்" என்ற பயம்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இன்சுலின் ஆரம்பித்தார்கள், ஆறு மாதத்தில் இறந்துவிட்டார் என்பார்கள். அவர் இறந்தது இன்சுலினால் அல்ல. பல வருடம் இன்சுலினைத் தள்ளிப்போட்டு, சிறுநீரகமும் இதயமும் கெட்ட பிறகு ஆரம்பித்ததால். தீ முழுக்கப் பிடித்த பிறகு வந்த தண்ணீர் லாரியைப் பார்த்து, "இது வந்ததால்தான் வீடு எரிஞ்சுது" என்று சொல்லலாமா?

டெட் ரைடர் என்று ஒரு குழந்தை. 1922 ஜூலையில் டொரன்டோவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஐந்து வயது, எடை 12 கிலோ. இன்சுலினோடு 70 வருடம் வாழ்ந்து 1993ல், 76 வயதில் இறந்தார். இன்சுலினில் 70 வருடத்தை எட்டிய முதல் மனிதர் அவர்.

இன்சுலின் கடைசிக் கட்டம் என்றால், அந்தக் கட்டம் 70 வருடம் நீளம்!

25/
இப்போது அந்த இட்லிக்கடை அக்காவிடம் திரும்பி வருவோம்.

அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு புது ஊசியை எடுத்து, வெறும் சலைன் ஏற்றி, சட்டையைத் தூக்கி என் வயிற்றில் நானே போட்டுக்கொண்டேன். சொன்னேன் இல்லையா, ராபின் லாரன்ஸுக்கு ஈடாக நான் செய்வது இதுதான்.

உண்மையைச் சொல்கிறேன். இதை முதன்முதலில் ஒரு நோயாளி முன்னால் செய்தபோது என் கையும் ஒரு நொடி தயங்கியது. ஆயிரக்கணக்கான பேருக்கு ஊசி போட்ட கை. தன் வயிறு என்றதும் நின்றுவிட்டது. அந்த ஒரு நொடியில்தான் லாரி அண்ணன் எனக்குப் புரிந்தார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாங்க. "வலிச்சுதா சார்?"

"லேசா தெரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன்."

26/
எலிசபெத் கதையைச் சொன்னேன். 20 கிலோ எடையுள்ள பெண் குழந்தை என்றதும் "ஐயோ பாவம்"னாங்க. 42,000 ஊசி என்றதும் ஒன்றும் சொல்லாமல் பேனாவையே பார்த்தாங்க.

அன்றைக்கு நர்ஸ் தங்கச்சிதான் போட்டாங்க. மறுநாள் அக்கா பேனாவைப் பிடிக்க, நர்ஸ் கை மேல் கை வைத்துப் போட்டாங்க. தசையை இறுக்கிப் பழகச் சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் அக்காவே தனியாகப் போட்டாங்க. ஐந்தாம் நாள் முடியவில்லை, மகளைப் போடச் சொல்லியிருக்காங்க. ஆறாம் நாள் திரும்பவும் தானே.

இப்படித்தான் இருக்கும். ஒரே நாளில் பயம் ஓடிவிடாது. ஒரு நாள் முடியாமல் போனால் தோற்றுவிட்டதாகவும் அர்த்தம் இல்லை.

நேற்று வந்தபோது கேட்டேன், "இப்ப பயம் இல்லையேக்கா?"

"பயம் இருக்கு சார். அது பாட்டுக்கு இருக்கு. நான் பாட்டுக்குப் போட்டுக்கறேன்."

27/
இன்சுலின் மட்டும் இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி, குழந்தைப் பேறு சிகிச்சையில் போடும் ஹார்மோன் ஊசி, மூட்டுவாத ஊசி என்று தானே போட்டுக்கொள்ள வேண்டிய மருந்துகள் இன்று பல இருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் இந்தப் பதிவு பொருந்தும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஊசி போட முடியவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். "போட்டுட்டுதான் இருக்கேன் சார்" என்று பொய் சொல்லாதீர்கள். நீங்கள் போடுவதாக நம்பி நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம். ஒரு நாள் நீங்கள் நிஜமாகவே அந்த அளவைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கிவிடும்.

"பயமா இருக்கு" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒரு மருத்துவர் சிரித்தால், தப்பு அவர்மேல். சிரித்தவன் சொல்கிறேன்.

28/
வீட்டில் இன்சுலின் போடுகிற அம்மா, அப்பா, மாமியார் யாராவது இருந்தால், இன்று இரவு அவங்க ஊசி போடும்போது பக்கத்தில் போய் உட்காருங்க. ஒன்றும் பேச வேண்டாம். கூட இருந்தால் போதும்.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் இங்கே கேட்க வேண்டாம். அதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.